கரிசல் பாட்டைக்குச் சாம்பலும் சுண்ணாம்பும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பெருஞ்சாலையில், திருவெறும்பூரை அடுத்துக் கைலாசபுரம் இருக்கின்றது. பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு அது. செக்கோஸ்லோவாக்கிய தேசத்தாரின் ஒத்துழைப்புடன் 1965-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவ்வாலையில் உயரழுத்தக் கொதிகலன்கள் செய்யப்படுகின்றன. அவை தேசத்தின் பல பாகங்களிலும் நிலக்கரியை எரித்து நீராவியையும், அதன் வழியே மின்சாரத்தையும் உண்டாக்கித் தருகின்றன. மின்சாரம் கம்பி வழியே போய்விடுகின்றது. சாம்பலோ கொதிகலனின் காலடியிலேயே தங்கிவிடுகின்றது. இந்தியக் கரியில் பெரும்பாலும் 100-க்கு 30 முதல் 45 வரை சாம்பலே ஆதலின், மூன்று லாரி கரி எரிந்தால் ஒரு லாரிக்குக் குறையாத சாம்பலை எங்கேனும் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும்.

கைலாசபுரத்துக்கு வடக்கே, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, புள்ளம்பாடி, கல்லக்குடி வழியாக அரியலூர்ப் பக்கம் போகின்றவர்கள் வேறொரு தொல்லையைக் காண்பார்கள். அங்கே நிலம் கரிசல். ஐப்பசி மழை நான்கு நாள் தொடர்ந்து பெய்தால் கப்பி போடாத பாட்டை களியாகிவிடும்; வண்டிச் சக்கரம் அச்சு வரையில் புதையும்; சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க நேரும். பிரசவ வேதனையிலிருப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய இரவில் இப்பாட்டை என்ன செய்யும் என்பதைக் கரிசல்காட்டு ஜனங்களுக்கு விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோடையிலோ அதே மண் பாளம் பாளமாக வெடித்து, மேலே போட்ட தாரையும் ஜல்லியையும் பிளந்து விடுகின்றது. சாம்பல் ஒரு தொல்லை, கரிசல் மற்றொரு தொல்லை. இவ்விரண்டையும் சரியான அளவில் ஒன்றுசேர்த்து, நடுவே சுண்ணாம்பை வைத்தால் இரண்டுமே பெரும்பாலும் தீரும் என்பது பல தேசங்களில் பரீக்ஷித்து அறியப்பட்ட விஷயம். ஆயினும் அளவும் இடமும் அறியாமல் செய்தால் பணம் வீணாவதுடன், முன்னிலும் கெடுதி உண்டாவதும் கூடும்.

கரிசலின் குணம்

எல்லாக் களிமண்ணும் ஒன்றல்ல. கரிசலில் மிகுந்துள்ள களி, மாண்ட்மொரிலோனைட் என்னும் தாதுவாகும். அதன் துகள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் அடுக்காக அமைந்தது. வெற்றிலைக் கவுளியில் வெற்றிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது போல அதனை மனத்திற் கொள்ளலாம். அத்தகடுகளுக்கு இடையே தண்ணீர் எளிதில் புகுந்து அவற்றை விலக்குகின்றது, மண் உப்புகின்றது. வெயிலில் அத்தண்ணீர் வெளியேறியதும் தகடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கின்றது. உப்பும்போது உண்டாகும் அழுத்தம் ஓரடுக்கு வீட்டின் சுவரைத் தூக்கிப் பிளக்கவும் போதுமானது. கரிசல்காட்டு வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்குக் கொத்தனாரைக் குறை கூறுவது வழக்கம். பல வீடுகளில் குற்றம் கொத்தனாருடையதன்று, அஸ்திவாரத்துக்குக் கீழேயுள்ள மண்ணினுடையது.

மண் எவ்வளவு உப்பும் என்பதை அறிய ஒரு சுலபமான பரீக்ஷை உண்டு. நன்றாகக் காய்ந்த மண்ணைப் பொடித்து நுண்ணிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்துக் கிராமாக இரண்டு பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கோடு இட்ட நூறு மில்லி கண்ணாடிக் குழாய்கள் இரண்டில் ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு மண்ணை இட்டு, கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, ஒரு நாள் முழுதும் அசையாமல் வைத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் களித் தகடுகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குவதில்லை ஆகையால் அதில் மண் உப்பாது. தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லி உயரம் நின்ற மண் தண்ணீரில் 20 மில்லி நின்றால் அதன் உப்பல் 100-க்கு 100 ஆகும். 50-க்குக் குறைந்தால் பெருங்கவலை இல்லை. நூற்றைத் தாண்டினால் அம்மண்ணைத் திருத்தாமல் அதன்மேல் ஒன்றும் கட்டலாகாது. ஊர்ப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியரும் மேல்வகுப்பு மாணாக்கரும் இதனைச் செய்து பார்க்கலாம். பெருஞ்செலவில்லை.

மண்ணின் தாங்குதிறனை அளக்க இஞ்சினீயர்கள் கைக்கொள்ளும் முறை கலிபோர்னியா மாகாணத்துச் சாலை இலாகாவில் 1928, 1929 ஆண்டுகளில் உருவானது. மண்ணை இடித்து நிரப்பி, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புத் தண்டை அதனுள் அழுத்தி, உடைத்த கல்லில் அதே ஆழம் அழுத்த வேண்டிய பாரத்துடன் ஒப்பிடுகிறார்கள். கல்லுக்கு 100 என்றால், ஊறிய கரிசலுக்குப் பெரும்பாலும் 2, 3; சில இடங்களில் அதனினும் குறைவு. இவ்வளவு மெலிந்த மண்ணின்மேல் சாலை போடுவதானால் கப்பியும் ஜல்லியும் கனத்த அடுக்காகப் போட வேண்டும். கல் மலிவாகக் கிடைக்காத கரிசல் பிரதேசத்தில் செலவு கட்டுப்படியாகாமற் போவது இதனாலேயே.

இருவகைச் சாம்பல்

மின்சார நிலையத்துக் கொதிகலனில் கரியை முகத்துக்கு இடும் மாவு போல நைய அரைத்து, காற்றுடன் கலந்து ஊதி எரிக்கிறார்கள். அங்கே வெப்பம் 1,300 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே செல்லுகின்றது. கரியிலுள்ள களியும் மணலும் உருகிச் சிறு துளிகளாகி, புகையோடு பறக்கும்போதே சடுதியில் குளிர்ந்து கண்ணாடிக் குண்டுகளாக இறுகுகின்றன. சாம்பலில் 100-க்கு 80 பங்கு போல இவ்விதம் புகையோடு பறந்து செல்வதால் அதற்குப் பறக்கும் சாம்பல் என்று பெயர். மிச்சம் அடியில் கட்டியாக விழுகின்றது. புகைபோக்கி வழியே ஊரெங்கும் பரவாதபடி இதனை மின்சார சக்தியால் பிடிக்கும் கருவிகளும் உண்டு. அவை அதே நிறுவனத்தின் இராணிப்பேட்டை ஆலையில் செய்யப்படுகின்றன. சடுதியில் குளிர்ந்த கண்ணாடி என்பதே இச்சாம்பலின் சிறப்பு. மணற்சத்தாகிய சிலிக்கா, மணலில் இருக்கும்போது ஒன்றோடும் சேராது. கண்ணாடி நிலையில் இருக்கும்போது சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாக மாற ஆயத்தமாக இருக்கின்றது.

எல்லா நிலையத்துச் சாம்பலும் ஒரே தன்மையதன்று. கறுப்புக் கரி எரியும் மேட்டூர் போன்ற நிலையங்களின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பம். 1962-ஆம் ஆண்டு முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்துவரும் நெய்வேலியில் கிடைக்கும் சாம்பலில் அச்சத்து அதிகம். ஆகவே ஓரிடத்துச் சாம்பலுக்குச் செய்த கணக்கை வேறிடத்துச் சாம்பலுக்கு அப்படியே பிரயோகிப்பது தவறு.

மற்றொரு சாம்பல் குடியானவர்களுக்கு இன்னும் அண்மையில் உள்ளது. கொள்ளிடத்தின் வடகரையில் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆயிரம் கிலோ நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 200 கிலோ உமி வரும். அவ்வுமியை எரித்தால் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் 100-க்கு 85 முதல் 90 வரை சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைத்த சொத்து அது. ஆனால் உமியை எரித்த விதம் முக்கியம். சுமார் 700 டிகிரிக்குள் அடங்கி எரிந்து சாம்பல் நிறமாக வந்தால் சிலிக்கா வேலைக்கு உதவும். அளவு மீறிய வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் படிகமாக இறுகி மணலைப் போல மந்தமாகிவிடும். கரேலென்று எரியாத கரி மிகுந்த சாம்பலும் அவ்வளவு நன்றன்று. சாம்பல் நிறமானதைத் தெரிந்தெடுத்து, கூடுமானால் மீண்டும் ஒருமுறை அரைத்துக்கொள்வது உத்தமம்.

சுண்ணாம்பு இல்லாத சாம்பல்

இவ்விஷயத்தில் அடிக்கடி நேரும் பிழை, சாம்பலை மட்டும் மண்ணில் கொட்டிக் கிளறிவிட்டு நன்மையை எதிர்பார்ப்பதாகும். உமிச் சாம்பலுக்கும் மேட்டூர்ச் சாம்பலுக்கும் தாமாகப் பற்றும் சக்தி கிடையாது. களியைச் சற்றே நெகிழ்த்தும், ஒட்டுந்தன்மையைச் சிறிது குறைக்கும். முதல் பெருமழை வரையில் பார்வைக்கு நன்றாகவும் இருக்கும். பற்றுவிப்பது சுண்ணாம்பு. சாம்பல் வெற்றிலையென்றால் சுண்ணாம்பில்லாமல் அது சிவக்காது.

சுண்ணாம்பு இரண்டு காரியங்களைச் செய்கின்றது. முதற்காரியம் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். களித் தகடுகளின்மேல் ஒட்டியுள்ள சோடியம் முதலிய உப்புச் சத்துக்களை விலக்கி, அவ்விடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்கின்றது. அதனால் தகடுகள் ஒன்றையொன்று நெருங்கிச் சிறு கொத்துக்களாகத் திரளுகின்றன; தண்ணீர் புகும் இடைவெளி சுருங்குகின்றது. கையில் பிசுபிசுத்த களி, மறுநாள் பொலபொலவென்று உதிரும். இதைக் கண்டதும் வேலை முடிந்ததென்று நினைப்பவர் உண்டு. முடிந்தது பாதி வேலையே. இரண்டாவது காரியம் வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். சுண்ணாம்பு நீரின் கடும் காரத்தில், சாம்பலிலும் களியிலும் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் மெல்லக் கரைந்து சுண்ணாம்போடு கூடி, சிமெண்டில் உண்டாவதைப் போன்ற பசையாகி, மண் துகள்களைப் பிணைத்துக் கல்லாக்குகின்றன.

இது புதுமையன்று. இத்தாலியில் எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கூட்டி ரோமர்கள் துறைமுகங்கள் கட்டினார்கள். பொஸுவோலி என்னும் ஊரின் பெயரிலிருந்தே இவ்வகைப் பொடிகளுக்குப் பொஸோலானா என்ற பெயர் வந்தது. மதுரை ஜில்லாவுக்குத் தண்ணீர் தரும் பொருட்டு 1887 முதல் 1895 வரையில் கட்டப்பெற்ற பெரியாற்று அணையின் காரை, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்ததே. சுர்க்கி என்பது சுட்ட செங்கற்பொடி. நெருப்பில் வெந்த களி சுண்ணாம்போடு சேரும் என்பதைப் பழைய கொத்தனார்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். வெந்த களி இப்போது செங்கற்சூளையிலிருந்து வராமல் கொதிகலனிலிருந்து வருகின்றது, அவ்வளவே வித்தியாசம்.

இத்தேசத்து வெப்பமும் இதற்கு அனுகூலமானது. குளிர் தேசங்களில் உறைபனிக் காலத்தில் இவ்வேலை நின்றுபோகும். திருச்சி வெயிலில் பற்று விரைந்து ஏறும். ஆனால் அதே வெயில் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஈரம் போனால் பற்று நின்றுவிடும்.

செம்மண்ணுக்கும் இது வேண்டுமா என்று கேட்பதுண்டு. புதுக்கோட்டை, வல்லம் பக்கங்களில் உள்ள செம்புறாங்கல் மண்ணிலும் சரளைச் செம்மண்ணிலும் உள்ள களி உப்பும் ஜாதியைச் சேர்ந்ததன்று. திருவெறும்பூரைச் சூழ்ந்த பாறையும் செம்மண்ணும் கலந்த நிலமும் கரிசலைப்போல் தொல்லை தருவதில்லை. அங்கே நன்றாக நனைத்துத் திமிசு போட்டு, தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினாலே கிராமப் பாட்டைக்குப் போதுமாயிருக்கும். அதற்கும் சாம்பலும் சுண்ணாம்பும் வாங்குவது வீண் செலவு.

ஊட்டத்தூர்ப் பக்கத்து எச்சரிக்கை

கரிசல், சுண்ணாம்பு, சாம்பல் மூன்றும் திருச்சி வட்டாரத்தில் லாரியில் ஓரிரு மணி நேரத்துக்குள் கிடைப்பது ஒரு பாக்கியம். கல்லக்குடியில் 1939-ஆம் ஆண்டில் சிமெண்டு ஆலை ஏற்பட்டதே அங்குள்ள சுண்ணாம்புக் கல்லினால்தான். பன்னெடுங்காலத்துக்கு முன் அந்நிலம் கடலடியாய் இருந்தது. கடற்பிராணிகளின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. இன்றும் காரை, அரியலூர்ப் பக்கங்களில் கல்லாய்ச் சமைந்த நத்தைகளும் சிப்பிகளும் அகப்படுகின்றன. ஆனால் அந்தப் பழங்கடல் வேறொன்றையும் விட்டுச் சென்றிருக்கின்றது. ஊட்டத்தூர், காரை முதலிய இடங்களின் களிமண்ணில் ஜிப்ஸம் கொடிகொடியாக ஓடுகின்றது. ஜிப்ஸம் கால்சியத்தின் கந்தகச் சத்து.

இங்கேதான் ஆபத்து. கந்தகச் சத்து மிகுந்த களியில் சுண்ணாம்பைக் கலந்தால், களியிலுள்ள அலுமினாவும் சுண்ணாம்பும் கந்தகச் சத்தும் தண்ணீருடன் கூடி எட்ரிங்கைட் என்னும் ஊசி போன்ற படிகங்களை உண்டாக்குகின்றன. அப்படிகம் ஏராளமான தண்ணீரைத் தன்னுள் அடக்கிக்கொண்டு பெருக்கின்றது. இறுகிய பாட்டை கரிசலைவிட மோசமாக மேலெழும்பிப் பிளக்கும். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து ஸ்டூவர்ட் அவென்யூ என்னும் வீதி, சுண்ணாம்பிட்டுத் திருத்திய சில ஆண்டுகளுக்குள் இவ்விதம் புடைத்தெழுந்தது. அதற்குக் காரணம் கந்தகச் சத்தே என்பது 1988-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் விளக்கப்பட்டது. உப்பலைத் தடுக்க இட்ட மருந்தே உப்பலை உண்டாக்கிவிட்டது.

ஆதலின் இப்பிரதேசத்தில் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கும் முன் மண்ணைப் பார்த்தல் இன்றியமையாதது. ஆள் இடுப்பளவு குழி தோண்டி, பக்கச் சுவரை வெயிலில் நோக்கினால், ஜிப்ஸம் இருக்குமிடத்தில் கண்ணாடிச் சில்லுகள் போலவோ வெண்மையான நார் போலவோ பளபளக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாமலும் கரைந்திருக்கலாம். மண்ணை வடிநீரில் கரைத்து வடிகட்டி, சில துளி ஹைடிரோகுளோரிக் அமிலமும் பின் பேரியம் குளோரைடு திரவமும் விட்டால், கந்தகச் சத்து உள்ளதாயின் பால்போல வெண்மை படியும். அளவை நிச்சயிக்க மண் பரிசோதனைச் சாலைக்கே அனுப்ப வேண்டும். 1,000 பங்கு மண்ணில் 3 பங்குக்குக் குறைவாயின் அச்சம் சொற்பம். 8, 10 என்று ஏறினால் சுண்ணாம்பைத் தொடவே கூடாது. அங்கே மேல்மண்ணை அகற்றிவிட்டு வெளியிலிருந்து சரளை கொண்டுவந்து போடுவதே, செலவு கூடினாலும், புத்திசாலித்தனம். மாதிரி ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் போதாது. கொடி ஓரிடத்தில் இருந்து அடுத்த பர்லாங்கில் இல்லாமற் போவதும், திடீரென்று மீண்டும் தோன்றுவதும் உண்டு.

ஒரு கிலோமீட்டருக்குக் கணக்கு

சுண்ணாம்பின் அளவைக் காணும் முறையை ஈட்ஸ், கிரிம் என்னும் அமெரிக்கர் இருவர் 1966-இல் வகுத்தனர். சலித்த மண்ணை இருபது கிராம் வீதம் சில புட்டிகளில் இட்டு, முறையே 100-க்கு 2, 3, 4, 5, 6 வீதம் சுண்ணாம்பு சேர்த்து, 100 மில்லி வடிநீர் விட்டு, ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்க வேண்டும். எந்தப் புட்டியில் கார அளவு முதன்முதலில் 12.4-ஐ எட்டுகின்றதோ அதுவே மண்ணின் பசி தீர்ந்த அளவு. சாம்பலின் பொருட்டு இதற்குமேல் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். அனுபவத்தில் சுண்ணாம்பு 3 முதல் 8 வரையிலும், சாம்பல் அதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வரையிலும் வழங்குகின்றது.

உதாரணமாக, 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் நீளப் பாட்டையை 15 சென்டிமீட்டர் கனத்துக்குத் திருத்துவதாக வைத்துக்கொள்ளலாம். கன அளவு 562 கனமீட்டர் சொச்சம். திமிசு போட்ட கலவை கனமீட்டருக்கு 1.6 டன் எனக்கொண்டால் மொத்தம் 900 டன். அதில் 100-க்கு 4 சுண்ணாம்பு என்றால் 36 டன்; 12 சாம்பல் என்றால் 108 டன். இந்த 108 டன் உமிச் சாம்பலாயின், 2,700 டன் நெல்லின் உமி எரிந்திருக்க வேண்டும். ஒரு சிறு ஆலையின் சில நாள் சாம்பல் ஒரு கிலோமீட்டருக்கு ஈடாகாது என்பது இதனால் விளங்கும். பல ஆலைகளிலிருந்து சேர்த்து, மழை படாமல் கொட்டகையில் வைத்துக்கொண்ட பின்னரே வேலை தொடங்குதல் முறை.

சாம்பல் எல்லாம் கேட்பாரற்றுக் கிடப்பதாக எண்ணுதலும் பழைய நினைப்பு. 1996-97-இல் தேசத்து அனல்மின் நிலையங்களில் விழுந்த ஏறக்குறைய 7 கோடி டன்னில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. மிச்சம் தண்ணீரில் கரைத்துச் சாம்பல் ஏரிகளில் விடப்பட்டது. அத்தகைய ஏரியின் கரை உடைந்தால் வருவது என்னவென்பதை, அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்துக் கிங்ஸ்டன் நிலையத்தில் 2008 டிசம்பர் 22-ஆம் தேதி சாம்பற் குழம்பு 300 ஏக்கருக்கு மேல் மூடியதிலிருந்து அறியலாம். மத்திய சர்க்கார் 1999 செப்டம்பர் 14-ஆம் தேதியும், பின்னர் 2021 டிசம்பர் 31-ஆம் தேதியும் வெளியிட்ட உத்தரவுகளால், நிலையங்கள் சாம்பலைப் பயன்பாட்டுக்குக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 2021-22-இல் விழுந்த சுமார் 27 கோடி டன்னில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏதோ ஒரு வகையில் பயன்பட்டதாகக் கணக்கு. கணிசமான பங்கு சிமெண்டு ஆலைகளுக்குப் போகின்றது. கிராமத்தார் தம் பங்கைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டிச் சத்தமே விலையினும் மிகுவதால் தூரத்தைக் கணக்கிட்டே சாம்பலைத் தெரிந்தெடுத்தல் நன்று.

வேலை நடத்தும் விதம்

காலம் முக்கியம். மாசி முதல் வைகாசி வரையில் போட்டால் ஐப்பசி மழைக்குள் பற்று நன்கு ஏறிவிடும். ஆடி மாதம் கூடாது. திருச்சி ஆடிக் காற்றில் விரித்த சாம்பலில் பாதி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

பாட்டையின் புல்பூண்டையும் வேரையும் அகற்றி, தழை மக்கிய மேல்மண்ணை வயலுக்குத் தள்ளிவிட வேண்டும். மக்கு மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு வேலை செய்யாது. பிறகு குறித்த ஆழத்துக்கு உழுது கட்டிகளை உடைக்க வேண்டும். காய்ந்த கரிசற்கட்டி பாறை போன்றது. ஈரக்கட்டி மெழுகு போன்றது. இடைப்பட்ட பதத்தில்தான் உடையும். நீற்றிய சுண்ணாம்பில் பாதியைச் சீராகத் தூவி, டிராக்டரின் ரொட்டவேட்டரால் கிளறி, தண்ணீர் தெளித்து ஒரு நாள் மூடி வைத்தால் மறுநாள் மண் பொலபொலப்பாகும். அதன்பின் மிச்சச் சுண்ணாம்பையும் சாம்பலையும் விரித்து, நிறம் எங்கும் ஒன்றாகும் வரையில் கிளற வேண்டும். வெள்ளைத் திட்டும் கருந்திட்டும் தெரிந்தால் கலவை முடியவில்லை என்று அறிக. சுண்ணாம்பு மூட்டையை முன்னதாகவே பிரித்து வைத்துக்கொள்ளலாகாது. காற்றுப் பட்ட சுண்ணாம்பு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகி உயிரற்றுப் போகும்.

ஈரத்தின் பதத்தை 1933-இல் புராக்டர் என்னும் லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத்து இஞ்சினீயர் வகுத்த முறைப்படி பரிசோதனைச் சாலையில் காண்பது சரி. ஸ்தலத்தில் ஒரு பிடி எடுத்து இறுகப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். கையில் ஈரம் கசியலாகாது. சாம்பல் கலந்த மண் வெறும் மண்ணைவிட அதிகத் தண்ணீர் கேட்கும். பதம் வந்த அன்றைக்கே உருளை ஓட்டி முடிக்க வேண்டும். நெய்வேலிச் சாம்பல் போலச் சுண்ணாம்பு மிகுந்ததாயின் சில மணி நேரமும் தாமதிக்கலாகாது. இறுகத் தொடங்கிய கலவையை உடைத்து மீண்டும் உருட்டினால் பற்று அறுந்துபோகும். பின்னர் ஏழு நாளேனும் ஈரக்கோணியோ வைக்கோலோ பரப்பி நனைத்து, வண்டி விடாமல் காக்க வேண்டும். இதற்கு ஊரார் ஒத்துழைப்பு அவசியம். ஒரு வண்டி போனாலும் தடம் நிலைத்துவிடும்.

வேலை தொடங்குமுன் அதே கலவையில் கைப்பிடி அளவு உருளைகள் பத்துப் பன்னிரண்டு செய்து, ஈரக்கோணியில் ஏழு நாள் சுற்றி வைத்து, பின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்ப்பது மலிவான முன்னெச்சரிக்கை. திருத்தாத கரிசல் உருளை தண்ணீரில் விரைவில் உப்பிக் கரைந்து சேறாகும். நல்ல கலவை நான்கு நாள் கழித்தும் உருக்குலையாமல் கிடக்கும். விளிம்பு உதிர்ந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்றோ சாம்பல் மந்தமானது என்றோ கொள்ள வேண்டும். உருளைகளில் சிலவற்றை ஒரு மாதம் தண்ணீரிலேயே விட்டுவைத்து, பெருக்கின்றனவா என்று நூலால் சுற்றளவு எடுத்துப் பார்த்தால் ஜிப்ஸத்தின் சூதும் சிற்சமயம் அதிலேயே வெளிப்படும்.

வேலையாட்கள் விஷயத்தில் அசட்டை கூடாது. சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் பார்வைக்கே மோசம். உடனே ஏராளமான தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உமிச் சாம்பலின் நுண்தூசி நாளடைவில் மார்பில் தங்கி இருமலையும் சுவாச நோயையும் உண்டாக்கும். மூக்கும் வாயும் மூடிய முகக்கவசம், கையுறை, காலணி இவை கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டியவை. சாம்பலை விரிக்குமுன் லேசாக ஈரமாக்கிக் கொள்ளுதலும் நன்று.

குடிதண்ணீருக்கும் இடையூறு நேராதபடி பார்க்க வேண்டும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்ஸெனிக், ஸெலினியம், போரான் முதலியன சிறு அளவில் உண்டு. சுண்ணாம்போடு இறுகிய மெல்லிய அடுக்கிலிருந்து அவை வெளிவருவது சொற்பம். பெருங்கரைகளைச் சாம்பலாலேயே எழுப்பும்போது கவலை மிகுதி. அப்போது பக்கங்களில் 1 முதல் 3 மீட்டர் கனத்துக்கு நல்ல மண்ணால் போர்த்துதல் வழக்கம். கிணறு, ஊருணி, ஏரி உள்வாய், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் தாழ்வு ஆகிய இடங்களைச் சாம்பல் வேலைக்குத் தவிர்க்க வேண்டும். மிஞ்சிய சாம்பலை ஓடையோரம் குவித்துவிட்டுப் போகும் வழக்கத்தை ஊர்ப் பஞ்சாயத்தார் ஒப்புக்கொள்ளலாகாது. ஒப்பந்தக்காரர் அதனை அகற்றிய பின்னரே கடைசித் தவணை கொடுக்கப்பட வேண்டும்.

திருத்திய அடுக்கு அடித்தளமேயன்றி மேற்பரப்பு அன்று. சக்கரம் அதன்மேல் நேரே ஓடினால் தேய்ந்து தூசியாகும். அதன்மேல் கப்பியோ ஜல்லியோ போட்டு, நடுவில் சற்று உயர்த்தி, இரு பக்கமும் வாய்க்கால் வெட்ட வேண்டும். முதல் மழைக்குப் பின் பஞ்சாயத்துத் தலைவரும் மேற்பார்வையாளரும் பாட்டையை நடந்து பார்த்து, எங்கே தண்ணீர் தேங்கியுள்ளது, எங்கே மேடு புடைத்திருக்கிறது என்பதைத் தூரக்கல் எண்ணுடன் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்துக்கு மண்வெட்டி போதும். புடைத்த இடத்தில் மேலே ஜல்லி கொட்டிச் சமன் செய்யாமல், மண்ணைத் தோண்டி எடுத்துக் கந்தகச் சத்துக்கு மீண்டும் பரீக்ஷை செய்தல் வேண்டும்.